உணவைக் குறைக்குமுன் ஒரு சோதனை

எடையைக் குறைக்க எண்ணிச் சோற்றோடு தயிரையும் தள்ளிவிடும் அன்பர்களைக் காண்கிறோம். புலாலும் முட்டையும் உண்ணாதார்க்குப் பி12 வைட்டமினை அளிப்பன பாலும் தயிருமே. அவற்றைக் கைவிட்டால் நேரும் குறையை இரத்தச் சோதனையே தெளிவாகக் காட்டும்.

டில்லியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? ஆயினும், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் டாக்டர் ரவீந்தர் கோஸ்வாமி குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நலமாயிருந்த மருத்துவர், தாதியரிடமே டி வைட்டமின் மிகக் குறைந்திருந்தது. வெயிலில் திரிந்த படைவீரர் மேலாயிருந்தனர். உண்டியைச் சுருக்குமுன் இதனையும் அளந்தறிதல் நன்று.

இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தாழ்ந்திருப்பின், உணவோடு காப்பி அருந்தலாகாது. அது இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். நமக்கு இது கசப்பான செய்திதான்! முடிவுகளை வைத்தியரிடம் காட்டி, எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று கேட்டறிந்து, சில திங்கள் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ளலாம்.