ஓட்டமா, நடையா?

மட்டாஞ்சேரி பஜார் வீதியில் மிளகு மூட்டையைத் தலையிலேற்றிச் சுமைக்காரர் ஒருவர் விரைந்தார். ஓடுகிறார் என்றேன், நடக்கிறார் என்றான் நண்பன். பந்தயம் ஒரு சாயா.

இரு பாதமும் ஒருகணமேனும் தரையைவிட்டு எழுந்தால் ஓட்டம், இன்றேல் நடை. அக்கணம் கண்ணுக்கு அகப்படாதே! 1878-இல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையே நூல்களை அறுத்து அவற்றை இயக்குமாறு செய்தார். நான்கு குளம்பும் அந்தரத்தில் நிற்பது, ஓவியர் தீட்டியபடி கால்கள் விரிந்தபோதன்று, வயிற்றின்கீழ் மடங்கியபோது! பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மனிதர் நடையையும் படம்பிடித்தார். 1887-இல் வெளியான 781 படத்தாள்களில் சுமப்போரும் உளர்.

சுமைக்காரரின் இசைவுடன் நாங்களும் கைப்பேசியில் அடுத்தடுத்துப் படமெடுத்தோம். எல்லாவற்றிலும் ஒரு பாதம் ஊன்றியே இருந்தது. "துள்ளினால் கழுத்து என்னாவது, மோனே?" என்று சிரித்தார் அவர். சாயாவுக்குக் காசு கொடுத்தவன் நான்.