காற்றாலை மின்சாரம் திடீரென மாறுவது ஏன்?

தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-ஆம் ஆண்டு சிறு அளவில் தொடங்கிய தமிழகத்தின் காற்றாலை மின் உற்பத்தித் திறன், இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் ஓயாது சுழல்கின்றன. ஆயினும் அவை தரும் மின்சாரம் சில மணி நேரத்திற்குள் பன்மடங்கு ஏறுவதும் இறங்குவதும் உண்டு. இது இயந்திரத்தின் குறைபாடு அன்று. காற்றின் இயல்பே ஆகும்.

காற்றில் அடங்கியுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 2,000 கிலோவாட் தரும் காற்றாலை, 6 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 250 கிலோவாட்டே தரும். வேகம் சுமார் 25 மீட்டரைத் தாண்டினாலோ, சேதத்தைத் தவிர்க்க அது தானே நின்றுவிடும்.

ஓர் ஆலையில் நேரும் சிறு குறைவைப் பிற ஆலைகளின் மிகுதி ஈடுசெய்யும். ஆனால் கணவாய் முழுவதிலும் பருவக்காற்று தளர்ந்தால் அனைத்து ஆலைகளின் உற்பத்தியும் ஒருசேரக் குறையும். பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் எனப் பல கணவாய்களிலும் ஆலைகள் பரவியிருப்பதன் நன்மை இதனால் விளங்கும்.

மின் தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் அளவில் நிலைபெறும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியே தென்னகத் தொகுப்பு நாட்டின் தொகுப்புடன் இணைந்தது. எனவே ஆரல்வாய்மொழியில் காற்று தளர்ந்தால், தில்லி மயூர் விஹாரில் சுழலும் மின்விசிறியும் அதே அலைவெண் மாற்றத்திற்கு உட்படுகிறது. சுமை நாடெங்கும் பகிரப்படுவதால் அம்மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் மின்பாதைகளின் கொள்ளளவு வரம்புக்குட்பட்டது; ஆகவே பெரும் ஏற்ற இறக்கங்களை மாநிலமே முதலில் சமாளிக்க வேண்டியுள்ளது.

நிலக்கரி மின் நிலையங்கள் விரைந்து கூட்டவோ குறைக்கவோ இயலாதவை. புனல் மின் நிலையங்கள் சில நிமிடங்களில் இயங்க வல்லவை. கோவை மாவட்டத்திலுள்ள 400 மெகாவாட் திறன் கொண்ட கடம்பாறை நீரேற்று நிலையம், மிகை மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவை நேரத்தில் அதனை மீண்டும் மின்சாரமாக்குகிறது. அடுத்த நாளின் உற்பத்தியைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக முன்கணிப்பதும் இன்றியமையாதது.

இவ்வேற்பாடுகள் போதாதபோது, நல்ல காற்று வீசும் வேளையிலேயே ஆலைகளை நிறுத்த நேரிடும். விலையில்லாக் காற்று வீணாக, விலை கொடுத்து வாங்கிய நிலக்கரி எரியும். காற்றை நம் விருப்பப்படி வீசச் செய்ய இயலாது. அதன் வரவை முன்னறிந்து ஆயத்தமாக இருக்க இயலும். ஆலைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதுடன் இந்த ஆயத்தத்தையும் வளர்ப்பதே திட்டமிடுவோரின் கடமையாகும்.