ட்ரங்க் கால்: லைன் கிடைக்கும் வரை

அப்பாவுக்குச் சின்ன வயசுல டைஃபாய்டு. தாத்தா வால்பாறை எஸ்டேட்ல. தகவல் சொல்ல, அப்பாயி வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போய் ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு ராத்திரி வரை காத்திருந்தாங்க.

ஏன் அவ்வளவு நேரம்? ஆபரேட்டர் அடுத்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவார், அவர் அதற்கடுத்ததை. வழி முழுக்க லைன் காலியாகணும். இருப்பதே சில லைன்கள்தான். மலையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அதுவும் போச்சு. அவசரத்துக்கு 'அர்ஜென்ட்', அதற்கும் மேலே 'லைட்னிங்'; கட்டணமும் ஏறும்.

இன்னொரு சிக்கல், கம்பி நீள நீளக் குரல் தேயும். 1915-ல் ராக்கி மலைகளைத் தாண்டி நியூயார்க்–சான் பிரான்சிஸ்கோ பேச முடிந்ததே, வழியில் வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபையர்கள் குரலைத் தூக்கிவிட்டதால்தான்.

இந்தியாவில் 1960-ல் கான்பூர்–லக்னோ இடையே எஸ்டிடி வந்தது. ஆபரேட்டர் செய்த வேலையை எக்ஸ்சேஞ்ச் மெஷினே செய்தது. ஆனா அது எல்லா ஊருக்கும் வர வருஷங்கள் ஆச்சு.

அன்னைக்கு லைன் கிடைத்தது. மூணு நிமிஷத்துக்கு மனப்பாடம் பண்ணியதெல்லாம் அப்பாயிக்கு மறந்துபோச்சு. முதல்ல கேட்டது, "சாப்பிட்டியளா?" கடைசி நிமிஷத்துலதான் காய்ச்சலைச் சொன்னாங்களாம்.