கச்சேரி கீபோர்டும் கையில் இருக்கவேண்டிய காகிதங்களும்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அரியலூர் மாவட்டம் செந்துறைச் சுற்று வட்டாரத்தில் மைக்செட் ஓய்வதில்லை. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று வரிசையாக நிகழ்ச்சிகள். முன்பெல்லாம் மெல்லிசைக் குழு என்றால் பத்துப் பதினைந்து பேர் வேனில் வந்து இறங்குவார்கள். இப்போது பல மேடைகளில் பாடுவதற்கு இருவர், ரிதம் பேடுக்கு ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர், அவ்வளவுதான். மற்றவர்களின் வேலையைக் கீபோர்டே பார்த்துக்கொள்கிறது. இடது கையில் ஒரு கார்டு (சுரக்கூட்டு) பிடித்தால் போதும்; டிரம்ஸ், பேஸ், கிட்டார், வயலின் எல்லாம் அதற்கு ஏற்பத் தானாகச் சேர்ந்துகொள்ளும்; இந்தப் பின்னணி இசைக்கு 'ஸ்டைல்' என்று பெயர். வலது கை பாட்டின் மெட்டை வாசிக்கும். அரேஞ்சர் கீபோர்டு என்று சொல்லப்படுவது இதுதான். சர்ச் பாடகர் குழுக்களிலும் இன்று இதே கருவிதான்.

தபலா, தம்புரா ஒலிகளோடு இந்தியாவுக்கென்றே வந்த யமஹா பி.எஸ்.ஆர்.-ஐ500, காசியோவின் 'ஐ.என்.' மாடல்கள் ஆகியவை தொடக்க நிலைக் கலைஞர்களிடம் அதிகம். மேடைக்காரர்கள் விரும்பும் யமஹா பி.எஸ்.ஆர்.-எஸ்.எக்ஸ்., கோர்க் பி.ஏ. வரிசைகளில் மேல்நிலை மாடல்களின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டும். நகையை அடகு வைத்தும் தவணை போட்டும் வாங்கும் பொருள் இது. ஆனாலும் பில், வாரண்டி அட்டை, அனுமதிக் கடிதம் போன்ற காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துகிறவர்கள் குறைவு. தகராறு என்று வரும்போது சட்டம் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.

பிழைப்புக்காக வாங்கினாலும் நுகர்வோர்தான்

"நீங்கள் கச்சேரி செய்து சம்பாதிக்க வாங்கினீர்கள். இது வியாபாரம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கெல்லாம் போக முடியாது" என்று கடைக்காரர் சொன்னால் பலரும் நம்பிவிடுவார்கள். அது முழு உண்மையல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது சரி. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை, அந்தப் பிரிவின் விளக்கமே வணிக நோக்கத்திலிருந்து விலக்கிவிடுகிறது.

இதை உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. டைப்ரைட்டர் வாங்கிப் பிறருக்குத் தட்டச்சு செய்து கொடுத்துத் தானே பிழைப்பவர் நுகர்வோர்தான். இயந்திரத்தை வாங்கி முழுக்க முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டிச் சம்பாதிப்பவர் நுகர்வோர் ஆகமாட்டார். கீபோர்டுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். சொந்தக் கீபோர்டைத் தானே வாசித்துக் குடும்பம் நடத்துகிறவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நான்கு கீபோர்டு வாங்கி வாடகைக்கு விடுகிறவருக்கு அந்த வழி கடினம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'

பில்லின் அடியில் இப்படி அச்சடித்திருப்பது இன்றும் சாதாரணம். பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பில்லை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே 2019 சட்டம் வகைப்படுத்துகிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. "பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்" என்ற பேரத்துக்கு இணங்கினால், மிச்சமாகும் பணத்தைவிடப் பறிபோகும் உரிமை பெரிது.

கடையிலேயே கருவியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். 61 கட்டைகளையும் மெதுவாகவும் அழுத்தியும் தட்டி, ஒலி அதற்கேற்பக் கூடிக் குறைகிறதா என்று கேட்க வேண்டும். பிட்ச் பெண்டு, வால்யூம் குமிழ், திரை, யு.எஸ்.பி. துளை, ஹெட்போன் துளை என ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். கருவியின் அடியில் உள்ள வரிசை எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருந்தாக வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். இவை இல்லாத பெட்டி முறையான வழியில் நாட்டுக்குள் வந்ததா என்பதே சந்தேகம்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கிவரும் கீபோர்டு விலையில் மலிவாகத் தெரியலாம். பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடும் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரிவிலக்கு வரம்பைத் தாண்டிய பொருளை விமான நிலையச் சுங்கத்தில் அறிவிக்காவிட்டால் பறிமுதல், அபராதம் என்று செலவு இரட்டிப்பாகும்.

பெரிய இசைக்கருவிக் கடைகளுக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகவேண்டியிருப்பதால் ஆன்லைனில் வாங்குவோரும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பார்சலைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வைத்தால் உடைந்து வந்ததை நிரூபிப்பது எளிது.

கைமாறி வரும் கருவி

பழைய கீபோர்டு வாங்குவது தவறில்லை. நம்மூர்க் கலைஞர்களில் பலரின் முதல் கருவி அப்படி வந்ததுதான். ஆனால் தனிநபர் ஒருவர் வீட்டில் வைத்திருந்ததை விற்றால் அவர் வணிகர் அல்லர். பிறகு பழுது வெளிப்பட்டால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவிக்கு வராது. பொருள் திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தோ, நேர்மையின்றி வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவு 317-இன்படி மூன்றாண்டு வரை சிறை.

ஆகவே பழைய பில்லின் நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல், வரிசை எண்ணோடு அவர் கையெழுத்திட்ட ரசீது ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. தொகையை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமோ செலுத்தினால் அதுவும் சாட்சி. "ஆயிரம் தமிழ் ஸ்டைல் ஏற்றித் தருகிறேன்" என்ற பேச்சில் மயங்க வேண்டியதில்லை. யமஹாவின் சில கருவிகளில் விலைக்கு வாங்கிய கூடுதல் ஒலித் தொகுப்புகள் அந்தக் கருவியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டவை. பென்டிரைவில் நகலெடுத்து இன்னொரு கருவியில் ஏற்றினால் அவை வேலை செய்யாது. உரிமம் இல்லாத நகல் என்றால் பதிப்புரிமை மீறலும் ஆகும்.

அடாப்டர், எர்த், தூசி

பல யமஹா கீபோர்டுகளின் அடாப்டர் 12 வோல்ட். முனையின் நடுப்பகுதி பிளஸ். காசியோவின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு வரும் ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட்; அதில் நடுப்பகுதி மைனஸ். இரண்டின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். அவசரத்தில் மாற்றிச் செருகினால் உள்ளிருக்கும் போர்டே போய்விடக்கூடும். அதை வாரண்டியும் ஏற்காது. ஒலி, ஒளிக் கருவிகளுக்கான அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். அடாப்டரில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் உண்மையானதா என்பதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

கருவி போனால் பணத்தோடு போகும். எர்த் இல்லாத மேடையில் உயிரே போகும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். நம் ஊர்ப் பந்தலில் ஜெனரேட்டர், சீரியல் பல்பு, ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு எல்லாம் ஒரே இழுப்பு ஒயரில் ஓடுகின்றன. மழை தூறினால் தரையும் ஈரம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகையிலிருந்துதான் மேடைக்கு மின்சாரம் எடுக்க வேண்டும் என்று மைக்செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தைக் கண்டால் வாசிக்க மறுக்கலாம். மின்கம்பி அறுந்து கிடந்தாலோ வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கினாலோ மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987.

அரியலூர் மாவட்டத்துக்கென்றே இன்னொரு தொல்லை சுண்ணாம்புக்கல் தூசி. சுரங்க லாரிகள் ஓடும் சாலையோர ஊர்களில் இது கருவிக்குள் இறங்கினால், கட்டைகளுக்கு அடியிலுள்ள ரப்பர் காண்டாக்டுகள் சரியாகப் படாமல் சில கட்டைகள் ஊமையாகும். சில எப்படித் தொட்டாலும் உரக்கக் கத்தும். வாசிக்காத நேரத்தில் துணி உறை போட்டு வைப்பதே மலிவான பாதுகாப்பு. சர்வீசுக்குக் கொடுக்கும் முன் ரிஜிஸ்ட்ரேஷன் (சேமித்து வைத்த அமைப்புகள்), ஸ்டைல் எல்லாவற்றையும் பென்டிரைவில் சேமித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போது பழுதையும் தேதியையும் எழுதிய ஜாப் ஷீட் கேட்டு வாங்க வேண்டும்.

இரவு பத்து மணி

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி தேவை. பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பண்பாட்டு, சமய விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படுகிறது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பில், வரம்பு மீறும் ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர் போன்ற கருவிகளைப் பறிமுதல் செய்ய வழிவகை செய்யுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. "இன்னும் ரெண்டே பாட்டு" என்று விழாக் குழு கெஞ்சினாலும், மேடையில் ஏறியதும் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டுப் பார்ப்பது கலைஞரின் நலனுக்குத்தான்.

பத்து மணிக்குள் வாசித்தாலும் காதைத் தனியாகக் காக்க வேண்டும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடம். மானிட்டர் ஸ்பீக்கரைக் காதுக்கு நேராக வைத்து மூன்று மணி நேரம் வாசிக்கிறவர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டு யாருடையது?

2017 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியம், இளையராஜா தரப்பிலிருந்து தமக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருப்பதாகவும் அவர் இசையமைத்த பாடல்களை இனி மேடையில் பாட இயலாது என்றும் அறிவித்தபோது, சிறு குழுக்களும் பயந்தன. எல்லா மேடைக்கும் ஒரே விதி இல்லை என்பதை அவர்கள் அறிவது அவசியம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52(1)(இசட்.ஏ.), உண்மையான சமயச் சடங்குகளில் பாடல்களை இசைப்பதை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலை 24 அன்று பொது அறிவிப்பின் மூலம் இதை நினைவூட்டியது.

டிக்கெட் விற்கும் கச்சேரி, கடைத் திறப்பு விழா, ஓட்டல் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. உரிமம் பெறும் பொறுப்பு நிகழ்ச்சி அமைப்பாளருடையது என்பதை, சம்பளமும் முன்பணமும் எழுதும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

முறையிடும் வழி

முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ போதும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. செந்துறைக்காரர் அரியலூருக்குப் போனால் போதும். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் மனு தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். ஆகவே கீபோர்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கருவியைத் திருப்பி வைத்து வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எழுத்து மங்கிப்போகும் பில்லையும் வாரண்டி அட்டையையும் நகலெடுத்து, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.