10 மில்லிமீட்டர் குழாயும் ஒரு வகுத்தல் கணக்கும்

அணுமின் நிலையம்னு சொன்னதும் நம்ம மனசு நேரா அணு உலைக்குத்தான் போகும். இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு தண்ணிக் குழாயைப் பத்தி.

ஜப்பானில், ஃபுகுயி மாகாணத்தில் மிஹாமா அணுமின் நிலையம் இருக்கு. 2004 ஆகஸ்ட் 9 அன்று அதோட 3ஆம் அலகில், டர்பைன் கட்டடத்துக்குள்ள ஒரு குழாய் வெடிச்சுது. உள்ளே ஓடினது சுமார் 140 டிகிரி செல்சியஸ் தண்ணி. வெளியே வந்ததும் நீராவியா சீறிக் கிளம்பிடுச்சு. வருடாந்திரப் பராமரிப்புக்கான முன்வேலையில இருந்த தொழிலாளர்கள் 5 பேர் இறந்துபோனாங்க, 6 பேருக்குக் காயம். கதிரியக்கக் கசிவு இல்லை.

குழாய் எப்படித் தேயுது? கார்பன் ஸ்டீல் குழாயின் உள்பக்கம் மெல்லிசா ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். அதுதான் கவசம். சூடான தண்ணி வேகமா ஓடும்போது அது கொஞ்சம் கொஞ்சமா கரையும். அடியில இருக்கிற இரும்பு திரும்பப் படலமாகும், அதுவும் கரையும். வளைவுகள்லயும், ஓட்டத்தை அளக்க வைக்கிற துளைத்தகட்டுக்கு அடுத்தும் தண்ணி சுழலும். அங்க தேய்மானம் அதிகம். மிஹாமாவில் வெடிச்சதும் துளைத்தகட்டை அடுத்த இடம்தான்.

ஒரு நிலையத்துல இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள். எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் அளக்க முடியாது. அதுக்குத்தான் கணித மாதிரி. தண்ணியோட வெப்பம், வேகம், காரத்தன்மை, கரைஞ்ச ஆக்சிஜன், குழாயின் வடிவம், எஃகுல இருக்கிற குரோமியம், இதையெல்லாம் கொடுத்தா வருஷத்துக்கு எவ்வளவு தேயும்னு சொல்லும். சீக்கிரம் தேயுற இடங்களை முதல்ல அல்ட்ராசோனிக் கருவியால அளப்பாங்க. கிடைச்ச அளவை வச்சு மாதிரியையே திருத்துவாங்க. 1986இல் அமெரிக்காவின் சர்ரி நிலையத்துல இதே மாதிரி குழாய் வெடிச்சு 4 பேர் இறந்த பிறகுதான் இந்த வேலை வேகம் பிடிச்சுது.

இப்ப நான் போட்டுப் பார்த்த கணக்கு. மிஹாமா குழாயின் தடிமன் முதல்ல 10 மி.மீ. பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்சம் 4.7 மி.மீ. வெடிச்சப்போ மிக மெல்லிய இடம் 2 மி.மீ.க்கும் கீழே. அலகு ஓட ஆரம்பிச்சது 1976 கடைசியில. அப்படின்னா வருஷத்துக்குச் சராசரியா சுமார் 0.3 மி.மீ. தேய்ஞ்சிருக்கு. ஒரே சீராத் தேய்ஞ்சதா வச்சுக்கிட்டா, 5.3ஐ 0.3ஆல வகுங்க: கிட்டத்தட்ட 18 வருஷம். அதாவது 1994 வாக்கிலேயே அந்தக் குழாயை மாத்தியிருக்கணும்.

ஏன் மாத்தல? ஆய்வுப் பட்டியல்ல அந்த இடமே விட்டுப்போயிருந்தது. கிட்டத்தட்ட 28 வருஷத்துல ஒரு தடவைகூட அங்க அளக்கல. விட்டுப்போனதை முந்தின வருஷம் கவனிச்சு, அதே ஆகஸ்ட்ல அளக்கறதா இருந்தாங்க. சில நாள் முந்திக்கிச்சு விபத்து.

மாதிரி எவ்வளவு துல்லியமா இருந்தாலும், நாம கொடுத்த இடங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதனால இனிமே யாராவது "எங்க மென்பொருள் எல்லாத்தையும் கணிச்சிடும்"னு சொன்னா, ஒண்ணு கேளுங்க: பட்டியல்ல எல்லாமே இருக்கான்னு யார் சரிபார்த்தாங்க?