கார் முனகுகிறதா? காது கொடுத்துக் கேளுங்கள்!

தொட்டிலில் குழந்தை வீறிட்டால், அது பசி அழுகையா, எறும்பு கடித்த அழுகையா, தூக்கத்துக்கு அடம் பிடிக்கும் அழுகையா என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுகிறோம். குக்கர் விசில் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தாலே, "காஸ்கெட் போச்சு" என்கிறோம். இவ்வளவு கூர்மையான காது உள்ள நாம், வாசலில் நிற்கும் பழைய கார் விஷயத்தில் மட்டும் "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று ஒதுங்கிவிடுவது ஏனோ?

என் கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். குழந்தைகளைப் பள்ளியில் விடுவதும், மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவதும் எங்கள் இருபது வயதுக் காரில்தான். ஓட்டுவது நான். மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனவை. ஆனாலும் இன்னும் எத்தனையோ வீட்டு வாசல்களில் அவற்றைப் பார்க்கிறோம். வயதான வண்டியை வயதான மனுஷியைப் போல அன்றாடம் கவனிக்க வேண்டும். எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சகோதரிகளே.

முதலில் நாலு கேள்வி

சத்தம் கேட்டதும் பதற வேண்டாம். டாக்டர் கேட்பதைப் போலக் கேளுங்கள். ஒன்று: காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வருகிறதா, சூடேறிய பிறகா? இரண்டு: வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினால் சத்தமும் வேகமாகிறதா? அப்படியானால் கோளாறு என்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சக்கரமோ பிரேக்கோதான். மூன்று: கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? மாறினால் கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு: ஏ.சி. போட்டால் கூடுகிறதா? கூடினால் பெல்ட் மீது சந்தேகம்.

சத்தம் சொல்லும் சேதி

காலையில் கிளப்பியதும் "கீச்" என்று கத்திவிட்டுச் சற்று நேரத்தில் அடங்குகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தேய்ந்து வெடிப்பு விட்டிருக்கலாம். சின்னச் செலவுதான். ஆனால் சில வண்டிகளில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது. அது அறுந்தால் நடுவழியில் என்ஜின் கொதிக்கும்.

தையல் மெஷின் ஓடுவதைப் போல "டிக் டிக் டிக்" என்றால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மேடு ஏறும்போது மணி உரசுவதைப் போல மெல்லிய சத்தம் வந்தால், என்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். கீழ் கியருக்கு மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆனால் உரலில் இடிப்பதைப் போல, கனமாக "டொக் டொக்" என்றாலோ, ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, "வீடு வரைக்கும் போயிடலாமே" என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் இல்லாமல் ஓடும் என்ஜின் சில நிமிஷங்களிலேயே பாழாகிவிடக்கூடும்.

மயக்கம் தரும் சத்தம்

இன்னொரு சத்தம் உண்டு. அது வண்டியைவிட நம் குழந்தைகளுக்கு ஆபத்து. என் தங்கையின் நாலு வயதுப் பெண், அவர்கள் காரில் ஏறினாலே தலையைப் பிடித்துக்கொண்டு துவண்டு படுத்துவிடுவாள். சில நாள் வாந்தியும் எடுப்பாள். "வண்டி ஆகலை, பித்தம்" என்றார் அவளுடைய மாமியார். நான் கேட்டேன்: "பஸ்ஸில் போனால் இப்படி ஆகுமாடி?"

"இல்லைக்கா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடிக்கிட்டே வருவா."

"இறங்கிக் காற்றாட நின்றால்?"

"அரை மணியில் சரியாயிடுவா."

அந்த வண்டியில் "புஸ் புஸ்" என்று ஒரு சத்தம் இருந்தது. உடனே ஒர்க் ஷாப்புக்கு அனுப்பச் சொன்னேன். புகைக் குழாய் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது. பின் சீட்டு மிதியடிக்குக் கீழே தரையிலும் ஒரு ஓட்டை! ஜன்னலை மூடி ஏ.சி. போட்டதும் புகை உள்ளே தங்கியிருக்கிறது. இரண்டையும் அடைத்த பிறகு குழந்தை காரிலும் பாடுகிறாள்.

அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேரவிடாமல் தடுத்து உயிரையே பறித்துவிடும். காரில் இருக்கும்போது மட்டும் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் ஜன்னல்களைத் திறந்து, வண்டியை நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். மயக்கம் தெளியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது.

பழைய பேப்பர் பரீட்சை

இரவு வண்டியை நிறுத்தியதும் அடியில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். எது முன்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கறையைப் பாருங்கள்.

வெறும் தண்ணீரா? ஏ.சி. போட்டு ஓட்டியிருந்தால் அது சகஜம். கவலை வேண்டாம்.

பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழவென்று இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில்.

பச்சை, நீலம், ரோஜா நிறத்தில் தண்ணீராக இருந்தால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்.

சக்கரத்தின் உட்பக்கத்தில், வெளிர் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு கசிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். பிரேக் பெடல் மெத்தென்று அமுங்குகிறதா? வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தாலும் இதே விதிதான். பக்கத்தில் தீக்குச்சி கூடாது.

வாரம் ஒருமுறை, சமதரையில், என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். ஆயில் கறுத்திருப்பதே நோயல்ல. பால் விட்ட காபியைப் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. கூடவே கூலண்ட் அளவும் குறைந்து, பின்னால் வெண்புகை விடாமல் வந்தால் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

வீட்டில் ஜாக்கிரதை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். என்ஜின் நன்றாக ஆறும்வரை பொறுங்கள்.

பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. கண்ணைக் கவரும் நிறம், நாக்குக்கு இனிப்பு. குடித்தாலோ கொடிய விஷம். சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். மீதியைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதை உடனே கழுவுங்கள்; நாய், பூனைகூட நக்கிவிடும். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு.

பால் கணக்கு எழுதும் நோட்டில் காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன சத்தம், எப்போது, கறை எந்த இடத்தில், என்ன நிறம் என்று தேதியோடு குறித்து வையுங்கள். "என்னமோ சத்தம் வருதுங்க" என்று சொல்வதற்கும், "காலையில் கிளப்பினதும் கீச்னு கத்துது, ஏ.சி. போட்டா அதிகமாகுது" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! வேண்டாத செலவும் மிஞ்சும். "ஐயா இல்லீங்களாம்மா?" என்று தேடும் மெக்கானிக்கும், அதன்பின் நம்மிடமே நின்று பதில் சொல்லுவார்.