ஸ்பீக்கர் கம்பியில் 2.5 வோல்ட்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகப் போகும் சாலை கிளாவரையில் முடிகிறது. அங்கே பூண்டுத் தோட்டத்தில் இருக்கும் ஒருவர் கொடைக்கானல் பண்பலை 100.5-ஐக் கொஞ்சம் சத்தமாகக் கேட்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிஏஎம்8403 ஐசி உள்ள சின்ன ஆம்ப் போர்டு ஒன்று வாங்குகிறார். போன் சார்ஜரின் 5 வோல்ட்டே அதற்குப் போதும்.

ஸ்பீக்கரை மாட்டுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறார். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை ஸ்பீக்கர் கம்பியில். பாட்டே இல்லாதபோதும் 2.5 வோல்ட் காட்டுகிறது. ‘ஐயோ, டிசி வருதே, ஸ்பீக்கர் போயிடும்’ என்று நடுவில் ஒரு கண்டன்சரைப் போடக் கிளம்புகிறார். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நாம் இங்கே சற்று நிற்போம்.

அவர் பயம் பொய்யில்லை. ஸ்பீக்கரின் காயில் முன்னும் பின்னும் அசைந்தால்தான் ஒலி. ஒரே பக்கம் தள்ளும் நிலையான டிசி ஒலி தராது, சூடுதான் தரும். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் குறுக்கே நிஜமாகவே 2.5 வோல்ட் நின்றால், ஒன்றரை வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும்.

எல்எம்386 மாதிரியான பழைய ஆம்ப்களில் இந்த ஆபத்து உண்டு. அவற்றின் அவுட்புட் சப்ளையில் பாதி வோல்ட்டில் நிற்கும். ஸ்பீக்கரின் மறுமுனை கிரவுண்டில் இருக்கும். அதனால் நடுவில் கண்டன்சர் கட்டாயம். அது டிசியை நிறுத்தி, ஏறி இறங்கும் ஒலியை மட்டும் விடும். ஆனால் பேஸையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 220 மைக்ரோஃபேரட் போட்டால் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மங்கத் தொடங்கும். 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க 1000 வேண்டும்.

பிஏஎம்8403 ஒரு பிரிட்ஜ் ஆம்ப்; அதில் கதை வேறு. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்கள், முனைக்கு ஒன்று. ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும். ஒலி இல்லாதபோது இரண்டும் 2.5-இல் நிற்கும். (இது கிளாஸ் டி ஐசி. ஒவ்வொரு முனையும் 0-க்கும் 5-க்கும் இடையே நொடிக்கு லட்சக்கணக்கான முறை தாவுகிறது. மீட்டர் காட்டுவது சராசரி.)

கிளாவரையில் ஒரே படிக்கட்டு வயலில் இரண்டு டிரம்களை வைத்து, நடுவே ஓஸ் போடுங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் ஓஸில் சொட்டுத் தண்ணீரும் ஓடாது. இரண்டும் தரைநாட்டுக்கு எவ்வளவோ உயரத்தில் இருக்கின்றன என்பது ஓஸுக்குப் பொருட்டே இல்லை. ஸ்பீக்கரும் அப்படித்தான்: தன் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அதற்குத் தெரியும்.

ஆகவே ஸ்பீக்கருக்குக் குறுக்கே நிஜமாக நிற்கும் டிசியை, அதாவது ஆஃப்செட்டைப் பார்க்க, மீட்டரின் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் இரு கம்பிகளிலும் வையுங்கள். 20 மில்லிவோல்ட் வந்தால் 4 ஓமில் ஓடுவது வெறும் 5 மில்லியாம்ப். கவலையே வேண்டாம், அவுட்புட்டில் கண்டன்சரும் வேண்டாம்.

கண்டன்சர் தேவைப்படுவது இன்புட்டில். ரேடியோவிலிருந்து கசியும் சிறு டிசியையும் ஆம்ப் பெருக்கிவிடும். இருபது மடங்கு பெருக்கும் ஆம்பில் 50 மில்லிவோல்ட் நுழைந்தால் ஒரு வோல்ட்டாக வெளியே வரும். போர்டிலேயே இருக்கும் குட்டிக் கண்டன்சர்கள் அதைத் தடுக்கத்தான். ஆஃப்செட் நிஜமாகவே கூடினால் முதலில் அவற்றைச் சோதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பி மிச்சம் பிடிக்க, ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியை கிரவுண்டில் முறுக்காதீர்கள். அந்தக் கணமே 2.5 வோல்ட் முழுசும் ஸ்பீக்கரின் மேல் விழும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்; இரு சேனல்களும் ஒன்றோடொன்று மோதி ஐசி போய்விடும். பெட்டிக்கு இரண்டு கம்பி, தனித்தனியாக.